பின்கேட் வழியாகப் போனவன்

"பெருசா எழுது வனஜா. தெருமுனையிலேர்ந்து பார்த்தாலும் தெரியணும்," என்றார் அழகேசன்.

வெள்ளானூரில் கார்த்திகேசனின் வீட்டுச் சுவர். பேக்கிங் செக்‌ஷன் வனஜாவுக்குத்தான் கையெழுத்து முத்து முத்தாக வரும். சிவப்பு பெயின்டைத் தொட்டுக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, கருங்காலின்னா இன்னா? எனக்குக் கழுத்துல போடற மாலைதான் தெரியும்."

"கூடவே நின்னுட்டு, நடுவுல கழண்டுக்கினு முதலாளிகிட்ட ஓடறான் பாரு, அவன்தான் கருங்காலி. எழுது!"

சங்கச் செயலாளர் அழகேசனுக்கு ஆத்திரம் வராதா பின்னே? அம்பத்தூர் எஸ்டேட்டில் பத்து நாளாக ஸ்ட்ரைக். நூற்றிருபது பேர் வெயிலில் காய்கிறார்கள். கம்பெனியோ வடக்கிலிருந்து ஆள் கொண்டுவந்து இறக்கிவிட்டது. இந்த நேரம் பார்த்து, இருபது வருஷம் அவருக்குப் பக்கத்து மெஷினில் நின்ற கார்த்திகேசன் காலையில் பின்கேட் வழியாக உள்ளே போய்விட்டான். பாவி!

கார்த்திகேசனின் மனைவி வடிவு வெளியே வந்தாள். சுவரைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போதுதான் கார்த்திகேசனின் பைக் வந்து நின்றது.

"வாடா! சம்பளம் வாங்கினியா?"

கார்த்திகேசன் அழகேசனின் கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். சட்டைப் பையிலிருந்து பிசுபிசுத்த டேப் துண்டு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தான்.

"உன் மெஷின்ல சிம்ரன்னு ஒரு புதுப் பொண்ணைப் போடறாங்கன்னு காத்தால தெரிஞ்சுது மாமே. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் தகடு வெட்டற பிரஸ் இறங்கணும். சீக்கிரம் வேலை ஓடணும்னு நீ ஒண்ணை டேப் போட்டு ஒட்டி வெச்சிருந்தியே, அது அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? ஒரு கை உள்ளே இருக்கும்போதே இறங்கியிருக்கும். அதான் உள்ளே போயி பிச்சுக்கினு வந்தேன்."

ஸ்ட்ரைக் அறிவித்த அன்று, கோஷம் போட்ட வேகத்தில் அழகேசனுக்கு அந்த டேப் ஞாபகமே வரவில்லை.

"அந்தப் பொண்ணு..."

"நல்லா கீது. பத்து விரலும் கீது."

"சூப்பர்வைசருக்கு ஒரு போன் போட்டிருக்கலாமேடா. என்கிட்டயாவது ஸ்ட்ரைக் டென்ட்ல சொல்லியிருக்கலாமே?"

"டென்ட்ல உன்கிட்ட சொன்னா எல்லார் காதுலயும் விழும். யார் காதுல விழுந்தாலும், யார் மெஷின்னு கேப்பாங்கல்ல? உன் வேலையும் போயிருக்கும், ஸ்ட்ரைக்கும் போயிருக்கும்."

அழகேசன் டேப் துண்டைக் கைக்குள் மடக்கிக்கொண்டார்.

சுவரோரத்திலிருந்து வனஜா குரல் கொடுத்தாள்.

"அண்ணே, கருங்காலின்னு எழுதியாச்சு. கீழே பேரு போடட்டுமா?"