கிரீடத்தின் உள்துணி

"புது ராஜாவுக்குத் தலை சின்னது. இன்னும் கொஞ்சம் பஞ்சு வெச்சுத் தைச்சுடும்மா" என்று கிரீடத்தைத் தையல்காரி வடிவின் முன் வைத்தார் அரண்மனைக் காரியதரிசி. "மூணு மணி நேரம் கேமரா முன்னாடி சிரிச்சுக்கிட்டே அசையாம உக்காரணும். இப்ப ராஜாவுக்கு இருக்குற வேலை அது ஒண்ணுதான்."

செத்துப்போன ராஜாவின் கார் கடந்தபோது எழுந்து நிற்காத குற்றத்துக்கு அவள் தம்பி இன்னும் சிறையில் இருக்கிறான். வடிவு பழைய உள்துணியைப் பிரித்தாள். நெற்றி படும் இடத்தில், முனை உள்நோக்கியபடி, துருப்பிடித்த ஊசி ஒன்று இருந்தது. முப்பது வருடம் விழாவுக்கு விழா அந்த ஆள் அணிந்த கிரீடம் இது. நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் படமாகி இப்போதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

வடிவு டப்பாவிலிருந்து புது ஊசி ஒன்றை எடுத்தாள். அதில் நூல் கோக்கவில்லை.