ஏறிய ஜீப்

ஜீப்பின் பின் அச்சில் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் லாக்கரைப் பொருத்தி முடித்த நந்தகுமார், மனைவியிடம் காப்பி கேட்டான்.

"இனி ஒரு சக்கரம் சேத்துல சும்மா சுத்துனாலும் இன்னொண்ணு இழுத்துரும் அம்மிணி."

"இழுக்கலீன்னா என்னுங்க பண்றது?" என்றாள் தீபிகா.

"பந்தயத்துல கப்பு இல்ல. ஊட்டுக்கு நடந்தே வரோணும்."

காப்பி ஆறுவதற்குள் மாரடைப்பில் போய்விட்டான்.

மூன்று மாதம் கழித்துப் பனமரத்துப்பட்டிப் பந்தயத்தில், மற்றவை புதைந்த சேற்றுப் பள்ளத்தை அந்த ஜீப் மட்டும் ஏறிக் கடந்தது. கப்பு வாங்க வந்த தீபிகாவிடம், நந்தகுமாரின் பேரை மட்டும் கேள்விப்பட்டிருந்த வெளியூர் நடுவர், "நந்தகுமாருக்குச் சளைக்காம ஓட்டுன ஆளக் கூப்புடும்மா," என்றார்.

"நான்தானுங்க. எப்பவும் நான்தான் ஓட்டுவனுங்க. அவருக்கு ஓட்டத் தெரியாதுங்க, ஏற வெக்கத்தான் தெரியும்."

வீட்டுக்கு வந்ததும் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். அவன் முறுக்கிய போல்ட் ஒன்றுகூட இளகியிருக்கவில்லை.