அந்தோனியாருக்கு ஒரு கை

அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் வந்ததும் யசிந்தா, தங்கச்சி தயாளினியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முழந்தாளிட ஏலாது. முழங்கால் மடங்காது. விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மணிக்கட்டு புடைத்து, கை கையாகவே இல்லை. முடக்குவாதம். காலையில் தலை இழுத்துச் சீவிவிடுவது, சட்டைப் பொத்தான் பூட்டுவது, தேத்தண்ணிக் கோப்பையை வாயருகே பிடிப்பது எல்லாம் தயாளினிதான்.

செவ்வாய்க்கிழமைப் பூசை முடிந்து சனம் கலைந்துவிட்டது. தயாளினிக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அக்காவிடம் சொன்ன பொய் மீன் முள்ளைப் போல உறுத்திக்கொண்டிருந்தது.

தங்கச்சியும் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தவள் யசிந்தா. கூடப் பிறந்தவர்களுக்கும் வரக்கூடுமென்று கிளினிக்கில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தயாளினி சிரித்தாள். நண்டுக் கொம்பனியில் நாள் முழுக்க ஓடு உடைத்துத் தசை எடுக்கிற கை அவளுடையது. அவளுடைய வேகத்துக்கு அங்கே ஆளில்லை. நோவு கிடையாது, வீக்கம் கிடையாது.

வெள்ளிக்கிழமை முடிவு கேட்க அவள் தனியாகத்தான் போனாள்.

டொக்டர் அம்மா இருத்தி வைத்துப் பொறுமையாகச் சொன்னார். அக்காவின் இரத்தத்தில் இருக்கிற அதே பிறபொருளெதிரி இவளுடைய இரத்தத்திலும் இருக்கிறது. கிருமியோடு சண்டை பிடிக்க வேண்டிய அந்தப் பொருள், ஆள் மாறிச் சொந்த மூட்டோடு மல்லுக்கு நிற்கும். நோய் இன்னும் வரவில்லை. வரலாம், வராமலே போகவும் கூடும். ஆனால் வருகிறதென்றால் வாசலிலேயே பிடிக்க வேண்டும். அக்காவைப் போல விரல் கோணிய பிறகு வந்து பிரயோசனமில்லை. அதனால் அடுத்த மாதம் கட்டாயம் வர வேண்டும், அதன் பிறகும் விடாமல் வர வேண்டும்.

வராமலே போகவும் கூடும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வரப் பார்த்தாள். முடியவில்லை. அக்காவின் கையைத் தினமும் கழுவித் துடைக்கிறவள் அவள்.

வீட்டு வாசல் படலையடியில் யசிந்தா காத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, முகம் வெளிறியிருந்தது.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லையாம் அக்கா. சுத்தமாம்."

யசிந்தா படலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். புருஷன் சிமியோன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் விட்டபோதும் அவள் அப்படி அழவில்லை. அந்த அழுகையைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

"என்ரை சட்டைக்குள்ளை ஒரு பொட்டலம் கிடக்கு. எடு" என்றாள் யசிந்தா இப்போது.

நகைக்கடை ரோஸ் தாள். தங்கச்சி வேலைக்குப் போன நேரம் பார்த்து, ஓட்டோ பிடித்துப் போய்ப் பத்தரிடம் வாங்கி வந்திருக்கிறாள். தயாளினி தாளை விரித்தாள். சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு கை. தங்கம். ஐந்து விரல்களும் நேராக இருந்தன.

நோய் வந்த உறுப்பைச் செய்து அந்தோனியாருக்கு வைப்பது புதிதில்லை. கண், கால், கை என்று எத்தனையோ பேர் வைக்கிறார்கள். அக்கா தன் கைக்குச் சுகம் கேட்கிறாள் என்று நினைத்ததும் தயாளினிக்கு மூச்சு வந்தது.

"எல்லாரும் வெள்ளியிலைதானே அக்கா வைக்கிறவை. தங்கம் எங்காலை?"

"என்ரை மோதிரம்."

சிமியோன் கலியாணத்தன்று போட்ட மோதிரம். விரல் வீங்கி நீலம் பாரித்தபோது பத்தரிடம் கூட்டிப்போய் வெட்டி எடுப்பித்தவள் தயாளினிதான். வெட்டுப்பட்ட அந்த மோதிரத்தைத் தைல டப்பாவுக்குள் போட்டுத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள் யசிந்தா. அரிசி இல்லாத நாளிலும் அதை அடகு வைக்கச் சம்மதிக்கவில்லை. சிமியோனுடையது என்று சொல்ல அவளிடம் வேறொன்றும் இல்லை.

"இது என்ரை கைக்கில்லை, தயா. நீ ரத்தம் குடுத்த அண்டைக்கு நேர்ந்தனான். உனக்கு ஒண்டுமில்லையெண்டு வந்தால் அதை உருக்கிக் கை செய்து வைக்கிறனெண்டு. தந்திட்டார் பார்."

தயாளினி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள்.

சொன்னாலும் மோதிரம் திரும்பி வராது. உருகிவிட்டது. இந்தப் படுபாவிப் பொய்யைச் சொல்லாமலே விட்டிருக்கக் கூடாதா என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆத்திரம் போய் அழுகை வந்தது. அதை அக்கா வேறு விதமாக எடுத்துக்கொண்டு அவளுடைய முதுகைத் தடவினாள்.

"அழாதை. போடு. என்னாலை பிடிக்கேலாது."

காணிக்கைப் பெட்டியின் வாய் சின்னது. மெல்லிய நண்டுக்காலிலிருந்து நூல் நூலாகத் தசை எடுக்கிற இரண்டு விரல்களால் அதைப் பிடித்து உள்ளே விட்டாள். சுரூபத்தின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நன்றி சொல்லு."

சொன்னாள்.

வாசலில் யசிந்தா செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தில் இப்படியொரு நிம்மதியைத் தயாளினி கண்டு எவ்வளவோ காலம்.

"எனக்கு இனிப் பயமில்லை. உன்ரை கை இருக்கு. நீயும் இனி அந்தக் கிளினிக் பக்கம் போகத் தேவையில்லைத்தானே?"

"ஓம் அக்கா, தேவையில்லை" என்று சொல்லிவிட்டு, தயாளினி குனிந்து அக்காவின் செருப்பு வாரைப் பூட்டினாள்.