புதன், ஆறாவது பீரியட்

சன்னலோரத்தில் இருந்தவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூச்சு வாங்க வாசலில் நின்றேன். ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு. உள்ளே ஆசிரியர் என்று யாரும் இல்லை.

இல்லாமல் போனதற்குக் காரணம் நான்.

எங்கள் பள்ளியின் கால அட்டவணையை ஆண்டுதோறும் போடுபவன் நான்தான். பெரிய சார்ட்டைத் தரையில் விரித்து, ஆசிரியருக்கு ஒரு நிறமாகக் காகிதத் துண்டுகள் வெட்டி, நகர்த்தி நகர்த்திப் பொருத்துவேன். இந்த முறை ஃபேனைப் போட்டுக்கொண்டு பொருத்தினேன்.

ஒரு துண்டு பறந்திருக்கிறது.

நாளுக்கு எட்டுப் பீரியட், வாரத்துக்கு ஐந்து நாள். எட்டைந்து நாற்பது. ஒன்பது பி-க்கு நான் ஒட்டியது முப்பத்தொன்பது.

நான் கணக்கு வாத்தியார்.

ஏழு வாரம் ஓடிவிட்டது. அந்த நேரத்தில் அங்கே வேறு யாரோ இருப்பதாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். இன்று மதியம்தான் ஹெச்.எம். அமலோற்பவம் டீச்சரின் விரல் அட்டவணையின் அந்தக் காலிக் கட்டத்தில் போய் நின்றது.

“சார், இது என்ன, சன்னலா?”

“விட்டுப்போச்சு டீச்சர்.”

“சாயங்காலத்துக்குள்ள யாரையாவது போட்டு அடைச்சிருங்க.”

ஆசிரியர் அறையில் கேட்டுப் பார்த்தேன். தமிழய்யா டீ டம்ளருக்குள் பார்த்து, “பாப்போம்” என்றார். பி.டி. சார் விசிலைத் துடைத்தார். அறிவியல் டீச்சருக்கு அந்த நேரம் பார்த்து ஃபோன் வந்தது.

மணி அடித்தது. ஆறாவது பீரியட். சந்தைக்கடையை எதிர்பார்த்து ஓடி வந்தேன்.

சத்தமே இல்லை.

சன்னலுக்கு வெளியே உப்பளம். பாத்தித் தண்ணீரில் பட்ட வெயில் உள்ளே வந்து கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. வகுப்பறை முழுக்கத் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல.

ஒருவன் தூங்கினான். அவன் தலைக்கடியில் யாரோ தன் பையை வைத்திருந்தார்கள்.

வாசிக்கச் சொன்னால் திக்குகிற பையன், சுவரைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தான். சுவர் அவனை அவசரப்படுத்தவில்லை.

இன்னொருத்தி நான் இன்னும் நடத்தாத பாடத்தில் இருந்தாள். இரண்டு பாடம் தாண்டி. நான் இல்லாமலே போய்க்கொண்டிருந்தாள்.

சத்தம் போட்டால் யாராவது வந்துவிடுவார்கள். ஏழு வாரமாக நாற்பத்திரண்டு பேருக்கும் அது தெரிந்திருந்தது.

சன்னலோரத்தில் அவள். சந்தனமாரி. போன தேர்வில் பதினொரு மதிப்பெண். விடைத்தாளில் ‘கவனம் போதாது’ என்று சிவப்பில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

பின்னால் போய் நின்று நோட்டைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை நான் நடத்திய கணக்கு. பாதியில் நின்றிருந்தது. கரும்பலகையில் வலக்கையால் எழுதி இடக்கையால் அழித்துக்கொண்டே போகிறவன் நான். நான் அழித்த இடத்தில் அவள் நின்றிருக்கிறாள்.

மீதியை இப்போது அவளே போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஒரே வரியில் தாண்டுவதை ஐந்து வரியில் நடந்தாள். ஒவ்வொரு வரிக்கும் நடுவே சன்னலைப் பார்த்தாள். திரும்பி வந்தாள். எழுதினாள்.

அடுத்த வரி என் நாக்கு நுனியில் நின்றது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நாக்கைக் கட்ட வழியில்லை, கடித்துக்கொண்டேன்.

விடை வந்தது. சரியான விடை. ஸ்கேல் வைத்து அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். துள்ளி எழுந்தாள். திருடிய இடத்தில் பிடிபட்டவள்போல நோட்டை மூடினாள்.

“சார்... இந்தப் பீரியட எடுத்துருவீங்களா?”

நாற்பத்தொரு தலைகள் திரும்பின. தூங்கியவனும் கண்ணைத் திறந்துவிட்டான்.

“அடைக்கணும்மா. ஹெச்.எம். டீச்சர் சொல்லிட்டாங்க.”

நோட்டின் ஓரத்தை மடித்தாள், நிமிர்த்தினாள்.

எனக்குத் திடீரென்று பெருந்தன்மை வந்துவிட்டது. எப்போதாவதுதான் வரும். வந்தால் குரல் கொஞ்சம் கனத்துவிடும்.

“வேற யாரும் வேண்டாம். அட்டவணையில எம் பேரப் போட்டுக்கிடுதேன். வந்து ஒரு ஓரமா, சும்மா உக்காந்திருக்கேன். நீங்க பாட்டுக்கு ஒங்க வேலையப் பாருங்க. சரியா?”

“சரி சார்” என்று வகுப்பே பாடும் என்று எதிர்பார்த்தேன்.

யாரும் பாடவில்லை.

சந்தனமாரி யோசித்தாள். சன்னலைப் பார்த்தாள். கூரையில் வெயில் நெளிந்தது. அவள் யோசித்து முடிக்கிறவரை நான் காத்திருந்தேன். பதினாறு வருஷ வாத்தியார் வேலையில் இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

“ஒங்களுக்குச் சும்மா இருக்க வராது சார்” என்றாள்.