விழுந்து கிடக்கும் கேடயக்காரி

“விழுந்து கிடக்கிறவ எப்படி மாமா கேடயத்தைத் தூக்குவா?”

“தூக்கணும்னு விதிப் புத்தகத்துல எங்க போட்டிருக்கு? பக்கத்துல இருந்தாப் போதும்னுதான் போட்டிருக்கு. நல்லா வாய்விட்டுப் படிங்க மாப்பிள்ளை!”

சாப்பாட்டு மேஜை முழுக்கக் கட்டைவிரல் உயரப் பொம்மை வீரர்கள். நடுவில் கேடயக்காரி மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் நிற்பவன்மேல் விழும் அடியைத் தான் வாங்கிக்கொள்வது அவளுக்கு மட்டுமே உள்ள தனிச் சக்தி. விழுந்து கிடக்கும்போது அது செல்லுமா, செல்லாதா? இதுதான் வழக்கு. ஒன்றரை வருஷமாக, ஞாயிறு தவறாமல்.

“ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறீங்க. இந்த ஒரு வரி உங்க கண்ணுக்குத் தெரியல!”

“முப்பது வருஷம் நிலம் அளந்தவராச்சே, ஒரு அங்குலமாவது விட்டுத் தர்றீங்களா?”

சாப்பாட்டுத் தட்டுகளோடு மகள் நின்றுகொண்டிருந்தாள். மேஜை காலியாகிற வழியைக் காணோம்.

அவளுக்குக் கணவன்மேல்தான் ஆத்திரம். அம்மா போனபிறகு அப்பா தனிக்கட்டை. கூப்பிட்டால் வருவார், நாற்காலி நுனியில் கால் மணி நேரம் உட்காருவார், “வேலை கிடக்கும்மா” என்று கிளம்பிவிடுவார். என்ன வேலை என்று அவளுக்குத் தெரியாதா? இந்தப் பொம்மைச் சண்டை வந்தபிறகுதான் பொழுது சாயும்வரை இருக்கிறார். அந்த மனுஷனிடம் போயா மல்லுக்கு நிற்பது?

போன வாரம் செருப்பை மாட்டும்போதே சொன்னார்: “இது தீராம இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

அவர் தெருமுனை திரும்பியதும் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

“பெரியவர்தானே? ‘சரி மாமா’ன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க கிரீடம் இறங்கிடுமா?”

“சட்டம்னா சட்டம்தான்.”

கல்நெஞ்சக்காரன்! அப்போதே உட்கார்ந்து, விளையாட்டைத் தயாரிக்கிற கம்பெனிக்கு ஊர், பேர் போட்டு மின்னஞ்சல் எழுதினாள். என் அப்பாவும் கணவரும் இப்படி அடித்துக்கொள்கிறார்கள், யார் பக்கம் நியாயம் என்று.

சொன்ன வீறாப்பை விட்டு அப்பா இன்று வந்ததே பெரிசு. அடுத்த வாரமும் வருவாரா?

நினைத்துக்கொண்டிருக்கும்போதே கைபேசி சிணுங்கியது.

“நிறுத்துங்க ரெண்டு பேரும்! கம்பெனிக்கே எழுதிக் கேட்டேன். பதில் வந்தாச்சு.”



அப்பா பகடையை எடுத்து, எதற்கோ சட்டையில் துடைத்தார். “இப்ப என்னம்மா அவசரம்?”

“அதானே, மாமா சொல்றது சரி. ஆட்டம் நடக்குதுல்ல?” என்றான் கணவன்.

மாமா சொல்வது சரியாமே! மகள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மனசுக்குள் படித்தாள்.

‘வணக்கம். விழுந்து கிடந்தாலும் கேடயக்காரியின் சக்தி செல்லும். உங்கள் அப்பா சொல்வதே சரி. ஒரு விஷயம். உங்கள் ஊரிலிருந்து இதே கேள்வி வருவது மூன்றாவது முறை. சென்ற ஆண்டு, மருமகனோடு விளையாடும் ஒரு மாமனார் கேட்டார். அடுத்த வாரமே, மாமனாரோடு விளையாடும் ஒரு மருமகன் கேட்டார். இருவருக்கும் இதே பதிலைத்தான் அனுப்பினோம். மற்றவருக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள்.’

நிமிர்ந்தாள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன... என்ன போட்டிருக்கு?” என்றார் அப்பா.

“கேள்வியே புரியலையாம்ப்பா.”

இரண்டு பெருமூச்சுகள் ஒன்றாகக் கேட்டன.

“பாத்தீங்களா மாமா, அவங்களுக்கே புரியல!”

“செஞ்சவனுக்கே புரியாததை நீங்க எனக்குப் புரிய வைக்கப் போறீங்களாக்கும்?” என்றபடி, நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார் அப்பா.