துண்டு போட்ட இடம்

திலீபன் எழுந்து பாலை அடுப்பில் வைத்தான். பல் துலக்கினான். குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு குடம் பிடித்தான்.

காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு, மாரீஸ்வரியின் போனைச் சார்ஜரிலிருந்து உருவினான். வங்கிச் செயலியைத் திறந்தான்.

முதல் வரியில் அது இருந்தது. பத்தாயிரம் ரூபாய். கார் வாடகைக்கு விடும் கடையின் பெயர். பக்கத்தில் சாம்பல் நிறத்தில் 'நிலுவை' என்று ஒரு சொல்.

இருக்கிறது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

காரியம் முடிந்து சொந்தங்கள் கலைந்த பிறகு எல்லாக் காலையும் இதே காலைதான். மனைவியின் கிரெடிட் கார்டில் கடைசியாக ஏறியது அந்த வரி. அது எத்தனை நாளைக்கு நிற்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. இன்று அதைக் கேட்டுவிடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

பெரியகுளம் ரோட்டில் இருந்தது கடை. உரிமையாளர் இம்மானுவேல் அவனைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்றைக்கும் இதே நாற்காலிதான். காய்ச்சலில் கிடந்த மாரீஸ்வரியை உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றாள் அவள். அது வாசலில் வந்து நின்றால் தெருவே வந்து நிற்கும், ஜெயமங்கலத்துக்குச் சேதி போய் அம்மா மயங்கி விழுந்துவிடும் என்றாள். ஆகவே கார் எடுக்க வந்தான். கிரெடிட் கார்டு அவனிடம் இல்லை. அவளுடையதைக் கொடுத்து அனுப்பினாள்.

முன்பணமாகப் பத்தாயிரம் என்றதும் அவனுக்குத் திக்கென்றது. பி.காம். படித்தவன். விளங்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டான். எதற்கு எடுக்கிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டான்.

"எடுக்கல தம்பி, புடிச்சு வைக்கிறோம்" என்றார் இம்மானுவேல். "பஸ்ல சன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிக்கிறதில்லையா, அந்த மாதிரி. எடம் உங்களுதுதான். நாங்க உக்காரல. வண்டி முழுசா வந்துருச்சுன்னா துண்ட உருவிக்கிருவோம்."

அப்படியும் அவன் விடவில்லை. உருவிய பிறகு வட்டி வருமா, வரி வருமா, ஸ்டேட்மென்ட்டில் ஏறுமா என்று கேட்டான். எதிலும் ஏறாது, போட்ட தடமே தெரியாது என்றார் அவர்.

அது அப்போது நல்ல சேதியாக இருந்தது.

"அண்ணே, புடிச்ச பணத்த எடுத்துக்கங்க" என்றான் இப்போது.

"எதுக்குத் தம்பி? வண்டிதான் முழுசா வந்துருச்சே."

"பின் சீட்டுல கறை இருந்துச்சு."

"அத அன்னைக்கே கழுவியாச்சு." இம்மானுவேல் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட வாடகை வாங்கவே எனக்கு மனசில்ல. அந்தப் பத்தாயிரத்தையும் விடச் சொல்லிக் காலையில வந்ததும் பேங்க்குக்குப் போட்டு விட்டுட்டேன். நீங்க அலைய வேண்டாம்னுதான்."

திலீபன் சட்டைப் பையிலிருந்து அவள் போனை எடுத்தான்.

முதல் வரியில் இப்போது ஒரு செருப்புக் கடை இருந்தது.

விரலால் மேலே தள்ளினான். கீழே தள்ளினான். செருப்புக் கடை. அதற்கு முன்னால் கேஸ் சிலிண்டர். சாம்பல் நிறத்தில் எங்கும் எதுவும் இல்லை. துண்டை உருவியாயிற்று. அதற்கு யாராவது உட்கார்ந்தே இருந்திருக்கலாம்.

டீ வந்தது. ஆடை கட்டும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி கடைசியா ஏதும் பேசுச்சா தம்பி?"

"அம்மாவப் பாத்துக்கங்கன்னு சொல்லுச்சு."

எல்லோருக்கும் சொன்னதைத்தான் சொன்னான். முதலில் கேட்டவள் அவளுடைய அம்மா சந்தனம்மாள். பிடியை விடாமல் சட்டையைப் பற்றிக்கொண்டு கேட்டாள். வேறு எதைச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அவள் இப்போது ஒரு வேளையாவது சாப்பிடுகிறாள்.

இம்மானுவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே அந்த வெள்ளைக் கார் வெயிலில் நின்றது. யாரோ அதன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று அவன் அதை வீட்டுக்கு ஓட்டிப் போனபோது மாரீஸ்வரி செருப்பு மாட்டி, கதவோர நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மடியில் போன். கூப்பிட்டான். கண் திறக்கவில்லை. பின் சீட்டில் படுக்க வைத்து மதுரை வரை கூப்பிட்டுக்கொண்டே போனான். திரும்பும்போது அவள் ஆம்புலன்ஸில்தான் வந்தாள். தெருவே வந்து நின்றது.

அதற்கு முன்னால் ஒரு போன் இருந்தது. இந்தக் கடையிலிருந்து, இதே நாற்காலியிலிருந்து அவன் செய்தது.

பணத்தைப் பிடித்து வைக்க ஓ.டி.பி. வேண்டும் என்றார்கள். அது அவள் போனுக்குத்தான் போகும். முதலில் வந்தது, அவன் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் காலாவதியாகிவிட்டது. மறுபடி அனுப்பச் சொன்னான். அவளைக் கூப்பிட்டான். ஒவ்வோர் எண்ணுக்கும் இடையில் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. சீக்கிரம் சொல்லு என்றான். முடிந்ததும் வைத்துவிட்டான்.

அந்தக் குறுஞ்செய்தியைப் போன் மறுநாளே தானாக அழித்துவிட்டது. அவள் சொன்னபடியே அவனுக்கு அது மனப்பாடம்.

"நாலு. ரெண்டு. பூச்சியம். ரெண்டு. ஒம்போது. கடைசி ஒண்ணு. இல்லங்க, ஏழு."