தேறவில்லை

பயிற்சி அதிகாரி காகிதத்தை மேசைமேல் போட்டார். "என்ன மேஸ்திரி, மூணாவது தடவையும் இந்தம்மாவுக்குத் 'தேறவில்லை'ன்னே எழுதியிருக்கீங்க. பேசாம வீட்டுக்கு அனுப்பிடலாமா?"

கதவோரம் நின்றவளுக்கு முகம் செத்துப்போனது. இரண்டு பிள்ளைகளின் தாய். வெல்டர் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் நிரந்தர வேலை.

"அவசரப்படாதீங்க சார்," என்றார் மேஸ்திரி. "இன்னும் ஆறு மாசம் குடுங்க. நான் பொறுப்பு."

"உங்களுக்கு ரொம்பத்தான் இளகின மனசு. ஏம்மா, இந்த வருஷம் இவர் ஒட்டின ஒரு குழாய்கூட சோதனையில கசியல, தெரியுமா? அதுல பாதி கத்துக்கிட்டாலே நீ பொழைச்சுக்குவ."

"கத்துக்கறேன் சார்."

வெளியே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேற யாராவது இருந்தா என்னைக் கழிச்சுக் கட்டியிருப்பாங்கண்ணே. தினம் பத்துக் குழாய் ஒட்டிப் பழகுறேன், அத்தனையும் பழைய இரும்புக்குத்தான் போகுது. இந்தக் கை எப்பத்தான் திருந்துமோ!"

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"போம்மா. போய் இன்னைக்குள்ளதை முடி."

சாயங்காலம் எல்லோரும் போனபின், அவள் ஒட்டிவைத்த பத்துக் குழாய்களையும் தன் பக்கம் இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றிலும், ஒட்டியவர் யாரென்று காட்டும் இடத்தில், தன் வெல்டர் எண்ணை அடித்துப் பதித்தார். போன வருஷம் தொடங்கிய கைநடுக்கத்தில் சுத்தியல் மூன்று முறை தவறி விரலில் விழுந்தது.

ஒட்டு மட்டும் மயிரிழை பிசகாமல் இருந்தது.